பூஜாவுக்கு அனுப்பின பூ

வல்லம்,
6-7-2014

இன்னாய்யா கோமதிநாயகம், நானா உன் புள்ளைய கெடுத்தேன்? 'உம்மை நம்பித்தானே விட்டேன், ஒரு பொண்ணு பின்னால சுத்துதான், நீரு கண்ண மூடிட்டு இருந்தீரா'ன்னு எய்திக்கீற. ஏன் எய்த மாட்ட? 2007ல புள்ளைய கம்பெனில சேக்க வந்து, டைபாய்டுல பன்னெண்டு நாளு என் ஊட்டு கட்டில்ல படுத்துக்கினு, நான் வெச்ச கஞ்சிய குடிச்ச வாயி தானே அது.

கோவத்துல சொகம் கேக்க மறந்துட்டேன். நான் நல்லா கீறேன், முட்டி மட்டும் சொல்பேச்சு கேக்கல. உன் காது எப்டி கீது? அது கேட்டா நான் ஏன் இந்த வயசுல பேனா புடிக்கிறேன்? போன்லயே ரெண்டு திட்டு திட்டிட்டு வெச்சிருப்பேன். நாலாவது படிச்சவன் கையெய்த்து, பொறுத்துக்கினு படி.

உன் புள்ள சக்தி எந்த பொண்ணு பின்னாலயும் சுத்தல. ஷிப்ட்டுக்கு போறான், ஓ.டி. பாக்கறான், ரூமுக்கு வந்து போன பாத்துக்கினே படுக்குறான். எல்லா பசங்களும் இப்ப அப்டித்தான். நான் வாடகைக்கு வுட்டுக்கீற வரிசைல ஆறு ரூமு, ரூமுக்கு நாலு பேரு, ஒருத்தன் கூட ஒருத்தன் பேச்சு கெடையாது. சாவு ஊட்டுல குந்திக்கினு கீற மாதிரி குனிஞ்சிக்கினே கீறானுங்க. என் புள்ள தமிழ்வாணன் நெட் செண்டர் வெச்சிருந்த காலத்துல எப்டி இருக்கும் தெரியுமா? ஒரு கம்ப்யூட்டர் முன்னால ஏழு பேரு. ஒருத்தனுக்கு ஆர்க்குட்ல, அதான் அப்பத்திய பேஸ்புக்கு, எவளோ 'ஹாய்' போட்டா ஏழு பேரும் விசில் அடிப்பானுங்க. பேரு பொய்யி, வயசு பொய்யி, ஊரு பொய்யி. சிரிப்பு மட்டும் நெசம். இப்ப நெசப்பேரு, நெசமூஞ்சி போடறான், சிரிப்ப மஞ்சக்கலர் பொம்மையா அனுப்பிட்டு மூஞ்சிய உர்ருன்னு வெச்சிக்கிறான்.

அது கெடக்கட்டும். அந்த பொண்ணு பேரு இன்னான்னு நீ எய்தவே இல்லியே? பேர சொல்லு, நான் வெசாரிக்கிறேன்.

ஊட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு. 'உமக்கு ஒரு பொம்பளப்புள்ள இருந்தா என் மவனுக்கு கேட்டிருப்பேன்'னு அந்த கட்டில்ல படுத்துக்கினு ஒளறன இல்ல, அதனால

இப்படிக்கு உன் சம்பந்தி,
சுப்பிரமணி


குருக்கள்பட்டி,
15-7-2014

அண்ணாச்சிக்கு கோமதிநாயகம் எளுதுதது. இங்க எல்லாரும் சொகம். மழை இல்ல. உம்ம முட்டிக்கு வெந்நி ஒத்தடம் குடும், கேக்க மாட்டீருன்னு தெரியும்.

காது அப்படியேதான் இருக்கு. ஒரு வகைல நல்லதுதான், வீட்ல பொம்பளைக சண்ட போடுதது தெரியல.

பேரு பூஜாவாம். ஆறு வருசப் பழக்கமாம். நேர்ல ஒரு நாள் கூட பாத்தது இல்லியாம். என் தங்கச்சி மவ மாரிசெல்விய இவனுக்குன்னு வச்சிருக்கோம். வந்த மாப்பிள எல்லாத்தையும் தங்கச்சி வேண்டாம்னுட்டா. தையில கல்யாணம்னு பேசியாச்சு. இவன் என்ன சொல்லுதான் தெரியுமா? 'பூஜாட்ட கேட்டுட்டு சொல்லுதேன்'ங்கான். பெத்த தகப்பன்ட்ட கேக்கல, பூஜாட்ட கேப்பானாம்.

படத்த என் மவ நாச்சியார் பாத்தா. தாவணி போட்ட பிள்ள, ரெட்டச் சடை. பழைய காலத்துல கலர் தீட்டின படம் மாரி இருக்காம். அது யாரு, எந்த ஊரு, நல்ல குடும்பமான்னு நீரு பாத்துச் சொல்லும். நல்ல பிள்ளைன்னா நானே என் தங்கச்சி கால்ல விளுந்துக்கிடுதேன். அவன் சந்தோசம்தான் எனக்கு.

சம்பந்தி சம்பந்திங்காதேயும்.

கோமதிநாயகம்


வல்லம்,
2-8-2014

சம்பந்திக்கு, நலம். நீ சொகமா, நாச்சியா சொகமா.

பதில் லேட்டு. முட்டி தான் காரணம்னு வெச்சிக்கோ.

பூஜாவா? இந்த ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல கல்லு வுட்டா பூஜா மேல தான் வுயும். எந்த பூஜான்னு நான் தேடறது? நீ பேஜாராவாத. தமிழ்வாணன் ஒரு சமாச்சாரம் சொன்னான். அந்த ஆர்க்குட்டயே இழுத்து மூடப்போறானாம், வர்ற செப்டம்பர் கடைசியோட. கடைய மூடிட்டா அதுல கீற பூஜா, கீதா, அல்லாரும் ஊட்டுக்கு போயித்தானே ஆவணும். அப்பால உன் புள்ள தானா மாரிசெல்விக்கு தாலி கட்டுவான். நான் வந்து பந்தில மொத எலைல குந்துறேன்.

ஆமா, அவ இன்னா தான் எய்துறாளாம்? சும்மா கேக்குறேன். இப்பவும் எய்துறாளா, இல்ல இவன் பழசையே படிச்சிக்கினு கீறானா? படத்துல காதுல எதனா போட்டிருந்தாளான்னு நாச்சியாவ கேளு. சும்மா தான்.

சுப்பிரமணி


குருக்கள்பட்டி,
20-8-2014

அண்ணாச்சி, சொகம்தானே.

மவன் லீவுல வந்திருந்தான். அவன் குளிக்கப் போனப்ப நாச்சியார் போனப் பாத்து, அந்தப் பிள்ள எளுதினத அப்படியே பேப்பர்ல எளுதிக் குடுத்தா. தப்புதான், என்ன செய்ய. கீள எளுதுதேன்.

'தண்ணி சில்லுனு கீது.'
'மேல சிமெண்ட்டு போட்டுட்டானுங்க. லாரி ஏறச்சொல்ல அதுருது.'
'எல்லாரும் கூப்டீங்க. இப்ப நீ ஒருத்தன் தான் கூப்டுற.'
'ஒத்த கம்மலோட கீறேன். இன்னொண்ணு எங்கண்ணன்கிட்ட கீது. குடுக்க மாட்டேங்கறான்.'

பாவம்வே. ஏதோ சிமெண்ட்டு கம்பெனில வேல போலுக்கு. அண்ணன்காரன் நகையப் பிடுங்கி வச்சிருக்கான், பாத்துக்கிடும். கல்யாணம் செஞ்சு குடுக்க மனசில்லாத பய. உம்ம ஊர்ப் பேச்சாத்தான் இருக்கு. விசாரிக்கது உமக்கு லேசுதானே.

படத்துல ஒரு காதுல மட்டும்தான் கம்மல் இருக்காம். அத எதுக்குக் கேட்டீரு?

கோமதிநாயகம்


குருக்கள்பட்டி,
5-10-2014

அண்ணாச்சி, ஒண்ணரை மாசமாப் பதில் இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? போன் போட்டு நாச்சியாரப் பேசச் சொன்னேன். 'நல்லாத்தான் இருக்காரு, கூப்பிட்டா வரமாட்டேங்காரு'ன்னு தமிழ்வாணன் சொன்னானாம்.

கடைய மூடியாச்சு, நீரு சொன்ன மாரி. அவ போகல. மறுநாளே மவனுக்கு வாட்சப்ல வந்துட்டாளாம். நம்பர் யாருலே குடுத்தான்னு கேட்டா, 'நான் குடுக்கல, அவளே வந்தா'ங்கான். முன்னல்லாம் பதில் வர ரெண்டு நாள் ஆகுமாம். இப்ப இவன் நெனச்ச ஒடன வருதாம்.

இப்ப அவனக் கூப்பிடுதா. 'கெணத்தாண்ட வா, நானே மேல வர முடியல'ங்கா. எனக்கு இது பிடிக்கல அண்ணாச்சி. வல்லத்துல கெணறு எங்க இருக்கு? ஒரு வரி எளுதும். ஒரே ஒரு வரி.

கோமதிநாயகம்


வல்லம்,
19-10-2014

கோமதிநாயகத்துக்கு,

சொகமான்னு கேக்க எனக்கு யோக்கித கெடையாது. இருந்தாலும் கேக்குறேன். சொகமா?

அந்த பூஜா நான் தான்.

சிரிக்காத. நீ சிரிக்க மாட்ட, தெரியும். 2008ல உன் புள்ள யாரோடயும் பேசமாட்டான், தல நிமிர மாட்டான். பசங்க அவன 'ஊமச்சாமி'ன்னு கூப்டுவானுங்க. ஒரு வெளாட்டு காட்டலாம்னு தமிழ்வாணன் செண்டர்ல நான் சொல்லச் சொல்ல அவன் தட்ட, ஒரு பொண்ணு பேருல ஆர்க்குட் ஆரம்பிச்சோம். படம் கேட்டிச்சி. எந்த பொண்ணு படம் போட்டாலும் அது உசுரோட கீற பொண்ணு, நாளைக்கி எவனாச்சும் பாத்துட்டு அது வாயிக்கைய கெடுத்துட்டா? உசுரோட இல்லாதவளுக்கு இன்னா கெட்டுப்போவும்னு எங்க ஊட்டு படத்த கயிட்டிக்கினு போயி குடுத்தேன். என் தங்கச்சி பாஞ்சாலி. பதினேழு வயசுல, 1971ல, எங்க கெணத்துல வுயுந்து பூட்டவ.

அவ எங்க ஊட்டு பூவாடைக்காரி. உங்க ஊருல கன்னி கும்புடுவீங்க இல்ல, அது மாதிரி. ஊட்ல கல்யாணம்னா மொதல்ல அவளாண்ட கேக்கணும். கெணத்தாண்ட போயி, பூ போட்டு, பேர் சொல்லி கூப்டு, கலசத்துல தண்ணி மொண்டுக்கினு ஊட்டுக்கு இட்டாந்து, புதுப்பொடவ வெச்சி படைக்கணும். ஒரகடம் ரோட்டுல இருந்த நெலத்த கம்பெனிக்கு எடுத்துக்கினப்போ கெணத்தயும் மூடிட்டான். மறு வருசம் தமிழ்வாணன் கல்யாணம். தண்ணிக்கு எங்க போறது? கடைல கேன் தண்ணி வாங்கி கலசத்துல ஊத்தினோம். நான் தான் சொன்னேன், 'சுத்தமான தண்ணி, அவளுக்கு சளி புடிக்காது'ன்னு. அல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கி வெளக்கு மூணு தபா அணைஞ்சிது. ஃபேன் காத்துன்னு சொன்னேன்.

அது முடிஞ்சி ரெண்டு மாசத்துல தான் அவ படத்த போட்டேன். நெட் செண்டருக்கு வர்ற பசங்க, மண்ணூர்லேர்ந்து படப்பை வரைக்கும் கீற பசங்க, தெனம் பூ அனுப்பிச்சானுங்க. ரோசாப்பூ, மல்லிப்பூ, மினுக் மினுக்குன்னு. ஒவ்வொரு பூவுக்கும் கீய 'வா', 'பேச வா', 'எங்க கீற, வா'. ஒரு நாளைக்கி அறுவது, எழுவது. நாங்க கல்யாணத்துக்கு கல்யாணம் ஒரு மொழம் பூவ போட்டு கூப்புடுவோம். அத்தன பேரு அத்தன பூவோட கூப்ட்டா எவ தான் வரமாட்டா? பேரு தான் பூஜா. மூஞ்சி அவ மூஞ்சி.

நாலு மாசம் எய்தினேன். உன் புள்ள மெய்யாலுமே உருக ஆரம்பிச்சான். பயந்துட்டேன். 'எனக்கு கல்யாணம் நிச்சயமாயிடுச்சி, எய்தாத'ன்னு போட்டுட்டு வுட்டுட்டேன். அப்பால நான் தொடல. தமிழ்வாணன் தொடல, செண்டரையே மூடிட்டான். என் முட்டி மேல சத்தியம். இல்ல, வெளாட்டு வேணாம். என் புள்ள மேல சத்தியம்.

கம்மல் சமாச்சாரம் எனக்கு தெரியாது.

சுப்பிரமணி


குருக்கள்பட்டி,
10-11-2014

சுப்பிரமணி அண்ணாச்சிக்கு,

உம்ம கடிதத்த நாலு நாள் மடிச்சே வச்சிருந்தேன்.

வெளையாட்டுக்கும் ஒரு எல்ல வேணும். என் மவன் ஆறு வருசமா சிரிக்கதும், சோறு திங்கதும் ஒரு செத்த பிள்ளைக்காகன்னு நான் என் பொண்டாட்டிட்ட எப்படிச் சொல்லுவேன்? எங்க வீட்லயும் கன்னி உண்டு. வருசம் ஒரு பாவாட, சட்ட, வளையல் வச்சு அவளக் கும்புடுதோம். அவள ஆரும் கேலி பண்ண மாட்டோம்.

ஊருக்கு வாலேன்னா வரமாட்டேங்கான். 'அவ போகச் சொன்னா வாரேன்'ங்கான். நான் வந்து கையப் பிடிச்சு இளுத்தாலும் அவன் மனசு அங்கேயே கெடக்கும். அவ உம்ம வீட்டுப் பிள்ள. நீரே கேளும், என் மவன விடச் சொல்லி.

ஒண்ணு கேக்கேன். கம்மலப் பத்தி எனக்குத் தெரியாதுங்கீரு. அத எதுக்குக் கேட்டீருன்னு நான் கேட்டதுக்கு அது பதில் இல்லியே. நாச்சியார் பாத்துச் சொல்லுததுக்கு முன்ன, நீருதான என்ட்ட கேட்டீரு?

உடம்பப் பாத்துக்கிடும். கோவத்துலயும் அதச் சொல்லத்தான் செய்வேன்.

கோமதிநாயகம்


வல்லம்,
3-12-2014

கோமதிநாயகத்துக்கு, சொகமா. நாச்சியா, மாரிசெல்வி, உன் தங்கச்சி, அல்லாரும் சொகமா.

சொல்றத பயப்படாம படி. புள்ள பத்ரமா கீறான். நேத்து மொத ஷிப்ட்டு வுட்டு மூணு மணிக்கு அவன் ரூமுக்கு வரல. எங்க நெலத்து மேல கட்டின கம்பெனில லாரி நிக்கிற எடம் ஒண்ணு கீது. அங்க வாட்ச்மேன் வனமாமலை, உங்க ஊர்ப்பக்கம் தான், என்ன வந்து கூப்ட்டான். போயி பாத்தா, ரெண்டு லாரிக்கு நடுவுல சிமெண்ட்டு தரைல உன் புள்ள நிக்கிறான். செருப்ப கயிட்டி ஓரமா வெச்சிக்கீறான், கெணத்துல எறங்கறவன் வெக்கற மாதிரி. வெயிலு கொளுத்துது, தரை காஞ்சி கெடக்குது. அவன் பேண்ட்டு முட்டி வரைக்கும் நனைஞ்சி சொட்டுது சம்பந்தி. நான் தொட்டு பாத்தேன். சில்லுனு இருந்திச்சி.

அதே எடம் தான். எனக்கு தெரியாதா?

'யாருடா கூப்ட்டா'ன்னேன். போன காட்டினான். பூஜான்னு பேரு கீது, நம்பர் போட்டிருக்கற எடத்துல ஒண்ணும் இல்ல, வெள்ளையா கீது. அதே படம். நான் போட்டப்போ அதுல ரெண்டு காதுலயும் கம்மல் இருந்திச்சி. ஸ்டுடியோவுல போயி எடுத்த படம் அது, எங்கம்மா கம்மல போட்டுக்கினு. தமிழ்வாணனுக்கும் ஞாபகம் கீது.

இப்ப அவன என் ஊட்டுக்குள்ள படுக்க வெச்சிக்கீறேன். பொடவ வாங்கி வெச்சேன், வெல்லம் வெச்சேன், பூ போட்டு கூப்ட்டேன். வெளக்கு அசையக்கூட இல்ல. வந்தா தானே அசையும்? அவ ஊட்ல இல்ல, அந்த போன்ல கீறா.

கம்மல் என்னாண்ட தான் கீது. நீ கெட்டிக்காரன்.

சுப்பிரமணி


குருக்கள்பட்டி,
20-12-2014

அண்ணாச்சிக்கு, எல்லாரும் சொகம். முட்டிக்குத் தைலம் அனுப்பிருக்கேன். வனமாமலையக் கேட்டதாச் சொல்லும், ஒரு நாள் அவருக்கு நான் கையெடுத்துக் கும்புடணும்.

தை ஒம்பது முகூர்த்தம் குறிச்சாச்சு. மாரிசெல்வி ஒண்ணும் கேக்க மாட்டேங்கா. 'மச்சான் வருவாகளா'ன்னு மட்டும் நாச்சியார்ட்ட கேட்டாளாம்.

அவ போன்ல இருந்தா போன்லயே கேளும். ஆனா மவன விடச் சொல்லுததுக்கு முன்ன, அன்னிக்கு நடந்தத முளுசாச் சொல்லும். எனக்கு வேண்டாம். அவளுக்குச் சொல்லும்.

கோமதிநாயகம்


வல்லம்,
11-1-2015

சம்பந்திக்கு,

வணக்கம், சொகம், தைலம் வந்திச்சி, முட்டி இன்னும் அதே திமிரு தான். அல்லாத்தையும் மொதல்லயே சொல்லிட்டேன், கடைசில சொல்ல எனக்கு மனசு இருக்குமோ இல்லியோ. கல்யாணத்துக்கு நான் வரல. கோச்சிக்காத. சக்தி நாளைக்கி பஸ் ஏறுறான்.

நேத்து மத்யானம், சோறு துன்னுட்டு, நானும் அவனும் கட்டில்ல குந்தினோம். எனக்கு அதுல எய்த வராது. 'இந்த மைக்க அமுக்கி புடிச்சிக்கினு பேசு தாத்தா, வுட்டா போயிடும்'னு காட்டிக்குடுத்தான். மேல 'ஆன்லைன்'னு இருந்திச்சி. அவ அங்க கீறான்னு அர்த்தமாம்.

அமுக்கினேன். 'இன்னாடி வாயாடி, உங்கண்ணன் குரல் ஞாபகம் கீதா'ன்னேன். வேற எப்டி ஆரம்பிக்கறதுன்னு தெரில. ரெண்டு டிக்கு நீலமாச்சி. கேட்டுட்டா. 'இந்த பையன வுட்டுடும்மா. இவன் உன்ன ஒண்ணும் பண்ணல. அவன் அத்த பொண்ணு ஒண்ணு காத்துக்கினு கீது'ன்னேன். நீலமாச்சி. 'டைப்பிங்'னு ரொம்ப நேரம் காட்டிச்சி. அப்பால ஒரே வார்த்த வந்திச்சி.

'சரி.'

சக்தி அத பாத்துட்டு தேம்பித் தேம்பி அயுதான். ஏழு வருசமா அவன் அயுது நான் பாத்ததில்ல. அயுதுட்டு மூஞ்சி கயுவிக்கினு வந்து, 'தாத்தா, பஸ்ஸு எத்தன மணிக்கு'ன்னு கேட்டான். சம்பந்தி, உன் புள்ள உனக்கு.

ஆனா நீ முயுசா சொல்லுன்னு சொல்லிக்கீறியே. அவ இன்னும் ஆன்லைன்ல தான் இருந்தா. திரும்ப அமுக்கினேன்.

'பாஞ்சாலி, அன்னிக்கி உன் கம்மல் கெணத்துல வுயல. நீ மொகம் கயுவ கல்லு மேல கயிட்டி வெச்சதுல ஒண்ண நான் தான் எட்த்து இடுப்புல சொருவிக்கினேன். நீ தேடி அயறத பாத்து சிரிக்கலாம்னு.'

நீலம்.

'கெணத்துல தான் வுயுந்திச்சி, வெள்ளையா மினுக்குது பாருன்னு நான் தான் சொன்னேன். அம்மா கம்மல், அம்மா அடிப்பாங்கன்னு நீ எறங்கின. எறங்குவன்னு நான் நெனைக்கல. நான் மோட்டார் கொட்டாய்க்கு பின்னால நின்னுக்கினு வாய பொத்திக்கினு சிரிச்சிக்கினு இருந்தேன்.'

நீலம்.

இதுக்கு மேல ஒண்ணு கீது சம்பந்தி. நாப்பத்தி மூணு வருசமா எங்கம்மாவுக்கு தெரியாது, என் பொண்டாட்டிக்கு தெரியாது. அவ உள்ளேர்ந்து கூப்ட்டா. மூணு தபா. அண்ணா, அண்ணா, அண்ணான்னு. எனக்கு நல்லா கேட்டிச்சி. நான் சிரிச்சிக்கினு இருந்தது தெரிஞ்சி போயி அவளும் என்ன ஏமாத்தறான்னு நெனச்சிக்கினு நான் போவல. அத தான் அவளாண்ட சொல்லணும். அதுக்கு தான் இத்தினி வருசம்.

அந்த ஆர்க்குட்டா இருந்தா எய்தி போட்டுட்டு வந்துடலாம். படிச்சாளா, எப்ப படிச்சா, ஒண்ணும் தெரியாது. என்னிக்கோ படிப்பான்னு நெனச்சிக்கினு தூங்கலாம். இப்ப வந்தத காட்டுறான், கேட்டத காட்டுறான், எழுந்து போறதயும் காட்டுறான்.

மைக்க அமுக்கிக்கினு, 'நீ கூப்ட்டப்போ'ன்னு ஆரம்பிச்சேன். மேல பாத்தேன். ஆன்லைன் இல்ல. படமும் இல்ல. ஆளு படம் இருக்கற எடத்துல வெறும் வட்டம்.

'போயிட்டா தாத்தா'ன்னு சக்தி சொன்னான். சொல்லிட்டு பை கட்ட எழுந்து ரூமுக்கு போயிட்டான். நான் வெரல எடுக்கல, திரும்பத் திரும்ப சொல்லிக்கினே இருந்தேன். 'நீ கூப்ட்டப்போ எனக்கு கேட்டிச்சிம்மா, நீ கூப்ட்டது எனக்கு